எட்டு யானைகளும் ஒரு சம்பந்தியும்

ஜூன் 1, ஞாயிறு

இன்று முதல் இந்த நோட்டில் நான் எழுதப்போவதை உலகில் ஒருவரும் நம்பமாட்டார்கள். பேரூர் பட்டீசுவரர் மீது ஆணையாக, நம்பும்படி ஒரு வரிகூட வந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். பின்னால் எவரும் "மாமா, இது நிஜமா?" என்று கேட்டு என்னைச் சங்கடப்படுத்தக்கூடாது.

நான் நாச்சிமுத்து. ஊர் கோவை, பீளமேடு. முப்பத்தைந்து ஆண்டுகள் தண்ணீர் பம்ப் செய்து விற்று, கொங்கு மண்டலத்தின் நிலத்தடி நீரை ஒற்றை ஆளாக வற்றவைத்தவன். இப்போது ஓய்வு. ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போகிறார்கள். நான் போருக்குப் போகிறேன்.

போர் நடக்கும் இடம், ஆர்.எஸ்.புரத்தில் பல் டாக்டர் ஷெரினின் கிளினிக்குக்கு மேல்மாடி. விளையாட்டின் பெயர் 'களிறும் கணையும்'. ஆறடிக்கு நாலடி மேசை, அதன்மேல் விரல் உயரத்துக்குப் பொம்மை வீரர்கள், பகடை, அளவு நாடா. சதுரங்கமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சதுரங்கத்தில் எல்லோருக்கும் ஒரே படை. இங்கே ஆயிரம் புள்ளிகளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். வில்லாளிக்கு இத்தனை, குதிரைக்கு இத்தனை, யானைக்கு இத்தனை என்று விலை. அவரவர் புத்திக்குத் தக்க படையை அவரவரே பொறுக்கிப் பட்டியல் போடவேண்டும். பாதிப் போர் பட்டியலிலேயே முடிந்துவிடும்.

ஜூலை 6 அன்று இணை ஆட்டப் போட்டி. இருவர் சேர்ந்து ஒரு படை. என் இணை, என் சம்பந்தி சென்னியப்பன். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். என் மகள் மதுமிதாவை அவர் மகனுக்குக் கொடுத்தேன். இரண்டும் புனேவுக்குப் போய்விட்டன. கல்யாணத்தில் மிச்சமானது நாங்கள் இருவரும்தான்.

இன்று மத்தியானம் ஷெரின் போன் செய்தாள்.

"மாமா, உங்க சம்பந்தி அவரோட படை மொத்தத்தையும் அட்டைப்பெட்டில போட்டுக் கொண்டாந்து வெச்சுட்டுப் போயிட்டார். 'யாராச்சும் வெச்சு வெளையாடட்டும், இனி நான் வரலைம்மா'ங்கறார். கண்ணு சரியில்லையாம்."

சென்னியப்பனுக்குக் கண் சரியில்லை என்றால் வானத்துப் பருந்துகள் எல்லாம் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூன் 3, செவ்வாய்

சம்பந்தி வீட்டுக்குப் போனேன். கையில் ஒரு தார் பூவன் பழம். ஆயிரம் பழம் இருக்கும். வண்டி பின்சக்கரத்தில் மட்டும் ஓடியது.

"வாங்க சம்பந்தி, வாங்க. எதுக்குங்க இத்தனை பழம்?"

"தோட்டத்துல சும்மா கெடந்துச்சுங்க."

எனக்குத் தோட்டம் கிடையாது. அது அவருக்கும் தெரியும். ஆனால் பெண் கொடுத்தவன் சொன்னதை மாப்பிள்ளையின் அப்பா மறுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அவர் சொன்னதை நான் மறுப்பது அதைவிட வழக்கமில்லை. கல்யாணமாகி ஆறு வருடமாக நாங்கள் ஒருவரை ஒருவர் மறுத்ததே இல்லை. மேசையில் அவருடைய தளபதியை நான் வெட்டிச் சாய்க்கும்போதுகூட, "மன்னிக்கோணுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சாய்ப்பேன்.

"கண்ணு எப்படிங்க இருக்குது?"

"கண்ணுங்களா? ஆமாமா, கண்ணு. பரவால்லீங்க."

கையை மேல்துண்டுக்குள் வைத்திருந்தார். குளிர் என்றார். ஜூன் மாதம், உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் மின்விசிறியின் தொழில்நுட்பத்தைக் கூர்ந்து கவனித்தேன்.

கிளம்பும்போது பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன். "பொண்ணு குடுத்தவன் கேக்கறனுங்க. இந்த ஒரு போட்டி. நீங்க வல்லீன்னா என்னையும் நீக்கிப்போடுவாங்க."

"இப்பிடிக் கேட்டுப் போட்டீங்களே" என்றார். அவர் மொழியில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

ஜூன் 4, புதன்

மோட்டாருக்கு எண்ணெய் விட்டேன். முடி வெட்டிக்கொண்டேன். முடிதிருத்துபவர் இரண்டு கத்திரிகளை மாற்ற வேண்டியிருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

எங்கள் சாப்பாட்டு மேசையில் பயிற்சி ஆட்டம். ஷெரினிடம் இருந்து அட்டைப்பெட்டியை மீட்டு வந்திருந்தேன்.

சம்பந்தியின் பட்டியல் வழக்கம்போல் ஓவியம். ஆறு வரிசை வில்லாளிகள், மூன்று வரிசை வேலாளிகள், ஓரத்தில் இரண்டு குதிரைப் படை, நடுவில் ஒரே ஒரு யானை. ஒவ்வொரு வில்லாளியும் ஒரு பாக்கு அளவு அடித்தட்டில் தனியாக நிற்பான். அடிபட்டவனை மட்டும் எடுத்து ஓரமாக வைக்கவேண்டும். சென்னியப்பன் கண்பார்வையிலேயே பதினோரு அங்குலம் என்பார். நாடாவைப் போட்டால் பதினோரு அங்குலம் இருக்கும்.

முதல் வரிசையை அடுக்கினார். நாலாவது வில்லாளியை வைக்கும்போது மூன்றாமவன் விழுந்தான். அவனை நிமிர்த்தும்போது முதலிருவரும் விழுந்தார்கள். பிறகு வரிசையே சரிந்தது.

"காத்துங்க," என்றார்.

"ஆமாங்க, பாலக்காட்டுக் கணவாய்க் காத்து. இந்த வருசம் ரொம்ப மோசம்," என்றேன்.

எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினேன். ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது. திறந்துவிட்டு மறுபடி சாத்தினேன்.

சமையலறை வாசலில் என் மனைவி பூங்கோதை நின்றிருந்தாள். அவர் போனபிறகு, "ஏனுங்க, அண்ணன் கையி…" என்று ஆரம்பித்தாள்.

"காத்து," என்றேன்.

"ஆமாமா, காத்து," என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

ஜூன் 11, புதன்

சம்பந்தி வீட்டில் போர்வெல் குழாய் ஒழுகுகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். (ஒழுகுவதாக நானே முந்தாநாள் சொல்லிவிட்டு வந்தது.) பின்கட்டில் அவரே பெரிய பைப் ரெஞ்சைப் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். நாலு கிலோ இரும்பு. கம்பம் நட்டது போல நின்றது கை.

ரெஞ்சைக் கீழே வைத்துவிட்டுச் சின்ன வாஷரை எடுத்தார். பாலக்காட்டுக் காற்று மறுபடி அடித்தது. வாஷர் சாக்கடைக்குள் போய்விட்டது.

"நான் எடுக்கறனுங்க," என்று குனிந்தேன்.

"வேண்டாமுங்க, உடுங்க," என்றார் சட்டென்று. பிறகு, மரியாதை குறைந்துவிட்டதோ என்று, "காபி குடிச்சுட்டுப் போங்க சம்பந்தி," என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் தொழிலைப் பற்றியே யோசனை. பம்ப் அதிர்ந்தால் பம்பையா திட்டுகிறோம்? அடியில் கனமாக ஒரு கான்கிரீட் மேடை போட்டு அதன்மேல் இறுக்குகிறோம். பாரம் ஏறினால் அதிர்வு அடங்கும். இந்த உண்மையைக் கொண்டு நான் இரண்டு தாலுகாவை நடுக்கத்தில் இருந்து காப்பாற்றியிருக்கிறேன்.

எதற்காக இதை இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பொதுவான சிந்தனை.

ஜூன் 14, சனி

இரும்புப் பட்டை ஒன்றை அறுத்து, அதன்மேல் எட்டு வில்லாளிகளை வரிசையாக ஒட்டி மேல்மாடிக்கு எடுத்துப்போனேன். பட்டையை நகர்த்தினால் படையே நகரும். உலகப் போர்க்கலையில் புரட்சி.

ஷெரின் பார்த்தாள். "மாமா, அடிபட்டவனை எப்படி எடுப்பீங்க?"

"என் ஆளுங்க அடிபடமாட்டாங்கம்மா."

"விதிப்படி ஒவ்வொருத்தனையும் தனியா எடுக்கணும். ஒட்டக்கூடாது. யானை, தேர் மாதிரி பெருசுன்னா மட்டும்தான் அப்படியே நிக்கும். காயத்துக்குப் பக்கத்துல பகடை வெச்சு எண்ணிக்குவோம்."

"யானைன்னா எடுக்கவே வேண்டாமா?"

"சாகற வரைக்கும் வேண்டாம்."

வீட்டுக்கு வந்து பட்டியலை விரித்தேன். சம்பந்தியின் ஓவியத்தின்மேல் பென்சிலை வைத்தேன். முதலில் வில்லாளிகள் இரண்டு வரிசை போயிற்று. ஒரு யானை வந்தது. பிறகு வேலாளிகள் போனார்கள், இன்னொரு யானை. குதிரைகளை அடிக்கும்போது மட்டும் கொஞ்சம் வருத்தம், அழகான குதிரைகள். அதிலும் பிரச்சினை, அவற்றின் கால்கள் ஈர்க்குச்சி. போகட்டும். மாலைக்குள் காலாட்படை முழுவதையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். யானை ஒன்றுக்கு நூற்றிருபது. எட்டு யானைக்குத் தொள்ளாயிரத்து அறுபது. மிச்ச நாற்பதில் முரசு ஒன்று, வெண்கொற்றக்குடை ஒன்று. ஆயிரம்.

உலக வரலாற்றில் இவ்வளவு முட்டாள்தனமான பட்டியலை எந்த அரசனும் போட்டதில்லை. காரணம் உண்டு. யானைக்குப் பாதிக் காயம் பட்டால் மதம் பிடிக்கும். மதம் பிடித்தால் எந்தத் திசை என்று பகடை சொல்லும். எட்டும் அடுத்தடுத்து நின்றால், ஒன்றுக்குப் பிடித்த மதம் தன் படையையே மிதித்துத் தீர்த்துவிடும்.

ஆனால் பிரமாதமான பட்டியல். பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

சம்பந்தியிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் படித்தார்.

"எட்டு யானைங்களா."

"எட்டுங்க."

"வில்லுக்காரன் ஒருத்தனுமில்லீங்களா."

"யானை மேலயே கொஞ்சப் பேர் உக்காந்திருப்பானுங்க."

முகம் சிவந்துவிட்டது. முப்பது வருடம் நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்தவருக்கு இந்தப் பட்டியல், கோவில் சுவரில் சாணி அடித்த மாதிரி இருந்திருக்கும். நான் அவர் மகனாக இருந்திருந்தால் அறைந்திருப்பார்.

"பட்டியல் எப்பவும் நாந்தானுங்க போடுவேன்," என்றார் மெதுவாக.

"இந்த ஒரு தடவை என்ற ஆசைங்க. சின்ன வயசுல இருந்தே யானைன்னா எனக்கு உசுரு."

பட்டியலை மடித்தார். மடிக்க நேரம் ஆயிற்று. நான் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகான பல்லி.

"உங்க ஆசைன்னா பொறவு என்னங்க," என்றார்.

ஜூன் 17, செவ்வாய்

கடையில் விற்கும் பிளாஸ்டிக் யானை இலவம்பஞ்சு போல இருக்கிறது. ஊதினால் பாலக்காடு போய்விடும். எனவே பழைய பட்டறையில் அச்சு எடுத்துப் பித்தளையில் வார்த்தேன், எட்டையும். உள்ளே கூடு கிடையாது, முழுக்கட்டி. ஒவ்வொன்றும் முக்கால் கிலோ என்று தராசு சொல்கிறது. என் கணக்கில் முக்கால் டன். ஆட்டோவில் ஏற்றியதும் சிங்காநல்லூர் ஏரியில் தண்ணீர் ஒரு அடி ஏறியதாகக் கேள்வி.

"ஏனுங்க, அந்தச் சனியன்களச் சாப்பாட்டு மேசைல வெக்காதீங்க. கண்ணாடி ஒடைஞ்சா நாந்தான கூட்டோணும்," என்றாள் பூங்கோதை.

வர்ணம் பூசாத பொம்மையைப் போட்டியில் சேர்க்கமாட்டார்கள். சாயங்காலம் நான் தூங்கி எழுந்து பார்க்கும்போது, எட்டில் மூன்றுக்கு நெற்றிப்பட்டம் தீட்டியாகிவிட்டது. சிவப்பு, தங்க நிறம், ஓரத்தில் சின்னச் சின்னப் புள்ளி. நகப்பூச்சு வாசனை வீடு முழுக்க.

"ஆரு பூசினது?"

"காத்து," என்றாள்.

ஜூன் 20, வெள்ளி

பட்டியல் கொடுக்கக் கடைசி நாள். கொடுத்தபின் ஒரு வில்லாளியைக்கூட மாற்ற முடியாது.

ஷெரின் படித்துவிட்டுச் சிரித்தாள். "மாமா, பைத்தியம் புடிச்சிருச்சா? ஒன்னுக்கு மதம் புடிச்சா ஊரே காலி."

"என் யானைங்க சைவம்மா. கோவப்படாதுங்க."

பரிசோதிக்க ஒன்றை வாங்கினாள். கனத்தில் அவள் கை ஒரு சாண் கீழே இறங்கியது. மறுபடி தூக்கினாள். உள்ளங்கையில் வைத்து மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அங்கே தொங்கிய பற்களின் படத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்.

'ஏற்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டாள். பல் டாக்டர்கள் கேள்வி கேட்காமல் இருப்பது அபூர்வம். வாய்க்குள் கருவியை வைத்துவிட்டுக்கூடக் கேட்பார்கள்.

ஜூன் 22, ஞாயிறு

பயிற்சி. சம்பந்தி முதல் யானையைத் தூக்கினார்.

நின்றது. மேசைமேல் இறக்கும்வரை நின்றது. இரண்டாவதும். மூன்றாவதும். பாலக்காட்டுக் கணவாயை யாரோ கதவு போட்டுச் சாத்திவிட்டார்கள்.

"கொஞ்சம் கனமா இருக்குதுங்களே," என்றார்.

"பித்தளைங்க. கோவில் மணியாட்ட நிக்கோணும்னு."

"ம்," என்றார். யானையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பழைய வில்லாளிகளை எதிரியாக்கி நான் நகர்த்த, முழு ஆட்டத்தையும் ஆடினோம். இந்த யானைகளைப் போல இவ்வளவு மோசமாக என் வாழ்நாளில் எந்தப் படையும் தோற்றதில்லை. சம்பந்தி இரண்டு முறை சிரித்தார்.

ஜூன் 27, வெள்ளி

சம்பந்திக்குத் தோளில் தைலம் தேய்ப்பதாகச் சம்பந்தியம்மா பூங்கோதையிடம் சொன்னாராம். வாய்வாக இருக்கும். பூண்டு சாப்பிடச் சொல்லவேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

போர்.

மேல்மாடியில் எட்டு இணைகள். மாளிகை அதிரும் ஆரவாரம். (ஏ.சி. சத்தம்.) எங்கள் யானைகளை அணிவகுத்து வைத்தபோது மேசையின் கால்கள் முனகின, கீழே கிளினிக்கில் ஒருவருக்குத் தானாகவே பல் விழுந்தது.

முதல் ஆட்டத்தில் எதிராளிகள் யானைகளைக் கண்ட அதிர்ச்சியிலேயே தோற்றார்கள். குருதி நொய்யல்வரை ஓடியது. இரண்டாம் ஆட்டத்தில் தோற்றோம். நடு யானைக்கு மதம் பிடித்து, இடது பக்கம் திரும்பி, எங்கள் முரசு, குடை, இன்னும் இரண்டு யானைகள் எல்லாவற்றையும் மிதித்துப்போட்டது. வென்றவர்கள் அழுதார்கள், இரக்கத்தில். இரண்டிலும் யானைகளை நகர்த்தியது சம்பந்திதான். நான் பகடை உருட்டினேன்.

மூன்றாம் ஆட்டம், ரஃபீக்கும் ஜெரோமும். ஐ.டி. கம்பெனிப் பையன்கள். ரஃபீக்கின் வேலாளிகள் மூன்று மாதமாகத் தீட்டியவர்கள். ஒவ்வொருவனுக்கும் கண்ணில் கருவிழிகூட உண்டு.

சம்பந்தி தோளை ஒருமுறை பிடித்துவிட்டுக்கொண்டார். நான் பார்க்கவில்லை.

யானையைத் தூக்கி, ரஃபீக்கின் முன்வரிசைக்கு எதிரே கொண்டுபோனார். பாதி வழியில் கை நடுங்க ஆரம்பித்தது. முன்னைவிட மோசமாக. பிளாஸ்டிக் வில்லாளிகளை எடுத்தபோதுகூட இப்படி இல்லை. காலையில் இருந்து எத்தனை முறை அந்த முக்கால் கிலோவைத் தூக்கி இறக்கியிருப்பார்! பம்ப் எவ்வளவு நேரம் ஓடினாலும் கான்கிரீட்டுக்குக் களைப்பு வராது. தோள் என்று ஒன்று இருப்பதைப் பம்ப் செய்கிறவன் கணக்கில் சேர்க்கவில்லை.

யானை கை நழுவியது. வேலாளிகள் மேல் விழுந்தது. பித்தளை. மூன்று பேர் இடுப்போடு முறிந்தார்கள். மேசை சத்தம் போட்டது.

"காத்து!" என்று கத்தினேன் நான். "பாலக்காட்டுக் காத்து! ஜன்னலைச் சாத்துங்கப்பா!"

ஏ.சி. அறை. ஒரு ஜன்னலும் திறந்திருக்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை.

"காத்து இல்லீங்க சம்பந்தி," என்றார் சென்னியப்பன்.

ஆறு வருடத்தில் அவர் என்னை மறுத்தது அதுதான் முதல் தடவை.

ரஃபீக் பக்கம் திரும்பினார். "கையி நடுங்குது கண்ணு. நாலஞ்சு மாசமா. நரம்பு டாக்டரப் பாத்தாச்சு, மாத்திரை குடுத்திருக்காரு. கொறையுமாம், நிக்காதாம். உன்ற ஆளுங்கள ஒடைச்சுப் போட்டேன். மன்னிச்சுக்கோ."

ரஃபீக் முறிந்த மூவரையும் உள்ளங்கையில் பொறுக்கினான். முகம் சுண்டிப்போயிருந்தது, மூன்று மாத உழைப்பு. அப்புறம் தோளைக் குலுக்கினான். "யானை மிதிச்சா செத்துத்தான அங்கிள் ஆகணும்? சரியாத்தான் செத்திருக்கானுங்க."

ஜெரோம் கெக்கேபிக்கே என்று சிரித்துவிட்டான். மாடி மூச்சுவிட்டது.

நான் மட்டும் விடவில்லை. சம்பந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யானை எதுக்குன்னு மொத நாளே தெரியுமுங்க. தூக்கின உடனே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சா சொல்லியிருக்கலாமுங்களே," என்றேன்.

"எப்பிடிங்க சொல்றது? பொண்ணு குடுத்தவரு ஆசையா செஞ்சு கொண்டாறாரு. கனமா இருக்குது, தோள் கழண்டு போகுதுன்னா சொல்றது? ரெண்டு வாரமா இந்தக் கை என்ற தலைக்கு மேல ஏறலீங்க. சீப்பு புடிச்சுத் தலை வாரறது என்ற சம்சாரம்."

"நீங்க சரின்னீங்க…"

"நீங்க காத்துன்னீங்க."

அதுவரை விழுந்து கிடந்த யானையை எடுத்து நிமிர்த்தி வைத்தேன்.

ஷெரின் மேசைக்கு வந்தாள். நடுவர் அவள்தான். "தொடர்றீங்களா அங்கிள்? நிறுத்திக்கலாமா?"

சம்பந்தி கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒரு எட்டுப் பின்னால் போய் மேசையை முழுசாகப் பார்த்தார்.

"ஏம்மா, ஒருத்தரு சொல்லி ஒருத்தரு வெக்கலாமா?"

"இணை ஆட்டம்தானே. தாராளமா."

"சர்வேல முப்பது வருசம் இருந்தனுங்க," என்றார் என்னைப் பார்த்து. "அளக்கற சங்கிலிய நான் ஒரு நாளும் புடிச்சதில்ல. கல்லு மேல நின்னுக்கிட்டுச் சொல்லுவேன். புடிக்கறவங்க வேற." பிறகு குரல் மாறியது. வயல்காட்டின் அந்தக் கோடிவரை கேட்கும் குரல். "எடது பக்கம் மூணாவது யானைய எடுங்க. ஏழு அங்குலம். நேரா போகாதீங்க, மூக்கு கொஞ்சம் வடக்கால திரும்பட்டும். ம். அங்கியே வையுங்க."

நான் வைத்தேன். அடுத்ததற்கும் அவர்தான் சொன்னார்; அதற்கடுத்ததற்கும். ஒரு யானையை எட்டு அங்குலம் தள்ளினால் ஜெரோமின் தளபதியையே மிதிக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. கை துறுதுறுத்தது. "ஏழு," என்றார் முதுகுப் பக்கத்தில் இருந்து. ஏழுதான் வைத்தேன். (இந்த வரியைப் பூங்கோதை படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் யார் சொல்லியும் எதையும் எங்கேயும் வைத்ததில்லை.)

பிறகு பூமி பிளந்தது. யானைகள் பிளிறின, ஜெரோமும் ரஃபீக்கும் ஆனைமலைக்கு ஓடிப்போய்த் துறவு கொண்டார்கள், வானத்தில் இருந்து பூ விழுந்தது, எல்லாம் சாமந்தி. வென்றோம்.

ஒட்டுமொத்தத்தில் எட்டு இணைகளில் ஐந்தாம் இடம்.

ஜூலை 7, திங்கள்

முறிந்த வேலாளிகள் மூவரையும் செய்து தருவதாக ரஃபீக்கிடம் சொன்னேன். "தயவுசெஞ்சு பித்தளை வேண்டாம் மாமா," என்றான்.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் பால் வாங்கப் போனேன். பசு என்னைப் பார்த்து வணங்கியது.

பதினோரு மணிக்குச் சம்பந்தி வந்தார். துண்டு தோளில் கிடந்தது. கைகள் வெளியே இருந்தன. வலது கை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பூங்கோதை பார்த்தாள், நான் பார்த்தேன். இந்தத் தடவை மின்விசிறியைப் பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்த போட்டி தீபாவளிக்குப் பிறகு. பட்டியலைக் கையோடு கொண்டுவந்திருந்தார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது. வில்லாளிகள். முழுக்க முழுக்க வில்லாளிகள். தனித்தனியாக நிற்கவேண்டிய, தனித்தனியாக எடுக்கவேண்டிய, பாக்கு அளவு அடித்தட்டில் நிற்கும் நூற்றுக்கணக்கான வில்லாளிகள். யானை ஒன்றுகூட இல்லை.

"இத்தனை பேரையும் ஆருங்க அடுக்கறது?"

"நீங்கதானுங்க," என்றார். முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. "உங்க கையி நல்லாத்தான இருக்குது."

"ஒரே ஒரு யானை…"

"வேண்டாமுங்க சம்பந்தி."

மறுத்துவிட்டார். பூங்கோதை உள்ளே சிரிக்கும் சத்தம் கேட்டது.

இந்த நோட்டை இங்கே மூடுகிறேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறேன்; இதில் இருப்பதை யாரும் நம்பத் தேவையில்லை. ஏரி ஏறவில்லை. கீழே ஒருவருக்கும் பல் விழவில்லை. பழத்தார் ஆயிரம் பழம் அல்ல, நூற்றுச் சொச்சம். பூமியும் பிளக்கவில்லை, கடைசிப் பகடையில் தப்பிப் பிழைத்தோம்.

ஆனால் அந்த ஏழு அங்குலம் நிஜம். எட்டு போகலாம் என்று தெரிந்தே ஏழில் வைத்தேன். வைத்துவிட்டு, சரியா என்று திரும்பிப் பார்த்தேன். அதுமட்டும் நடந்தது.